ஆஸ்திரேலிய மாநிலக் கால்பந்து லீக்குகள் எந்தப் பணத்தில் வாழ்கின்றன?

ஆஸ்திரேலியாவில் மக்கள் ‘ஃபுட்டி’ என்று செல்லமாக அழைக்கும் ஆட்டம், உலகக் கோப்பையில் நாம் பார்க்கும் கால்பந்து அன்று. 1859இல் மெல்பர்ன் நகரில் விதிகள் எழுதப்பட்ட இந்த ஆட்டத்தில், நீள்வட்ட மைதானத்தில் பக்கத்துக்கு 18 பேர் ஆடுகிறார்கள். பந்தைக் கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம், காலால் உதைக்கலாம். மைதானத்தின் முனையில் நிற்கும் கம்பங்களில் நடுவிலுள்ள இரு உயரமானவற்றுக்கிடையே உதைத்துச் செலுத்தினால் 6 புள்ளிகள் கிடைக்கும். இதன் உச்சியில் இருப்பது ஏ.எஃப்.எல். எனப்படும் தேசிய லீக். 2025 முதல் 2031 வரையிலான ஏழு ஆண்டுகளுக்கு அதன் ஒளிபரப்பு உரிமை 450 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குப் பேசி முடிக்கப்பட்டது என்பதிலிருந்தே, அங்கே புழங்கும் பணத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த உச்சிக்கு ஒரு படி கீழே மூன்று பெரிய மாநில லீக்குகள் இருக்கின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்.ஏ.என்.எஃப்.எல்., மேற்கு ஆஸ்திரேலியாவில் டபிள்யூ.ஏ.எஃப்.எல்., விக்டோரியாவை மையமாகக் கொண்டு இன்று கிழக்குக் கரை நெடுகப் பரவியிருக்கும் வி.எஃப்.எல். ஆகியவையே அவை. இவற்றில் ஆடுபவர்கள் பணம் பெறுகிறார்கள். ஆனால் அந்தப் பணத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பகலில் ஆசிரியராகவோ, தச்சராகவோ, மின்பணியாளராகவோ வேலை பார்த்துவிட்டு, வாரத்தில் சில மாலைகள் பயிற்சிக்கு வந்து, வார இறுதியில் ஆடுகிறவர்கள் இவர்கள். இத்தகைய ஏற்பாட்டைத்தான் அரைத்தொழில்முறை விளையாட்டு என்கிறோம். இந்த லீக்குகளும் அவற்றின் கிளப்புகளும் எங்கிருந்து பணம் பெற்று, எதற்குச் செலவிட்டு, எப்படி உயிர் வாழ்கின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதைப் புதிதாக அணுகுகிறவர் இயல்பாகக் கேட்கும் முதல் கேள்வி, ஆட்டத்தைப் பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள் என்பதாக இருக்கும். அந்தக் கேள்வி நம்மை நெடுந்தொலைவு கொண்டுசெல்லாது என்பது என் கருத்து. மைதான வாசலில் வசூலாகும் பணம் இக்கிளப்புகளின் வரவில் ஒரு பகுதிதான். நிலம், உரிமம் (தேசிய லீக்கில் ஓர் அணியை இறக்கும் உரிமை), சூதாட்ட இயந்திரம் ஆகிய மூன்றில் எது யார் கையில் இருக்கிறது என்று கேட்டால்தான், ஒரு மாநிலத்தின் லீக் ஏன் தெம்பாக நிற்கிறது, இன்னொன்று ஏன் தள்ளாடுகிறது என்பது புரியத் தொடங்கும்.

முதலிடம் பறிபோன கதை

மாநில லீக்குகள் எப்போதும் இரண்டாம் படியில் இருந்தவை அல்ல. தெற்கு ஆஸ்திரேலிய லீக் 1877இலும், மேற்கு ஆஸ்திரேலிய லீக் 1885இலும் தொடங்கப்பட்டவை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவரவர் மாநிலத்தில் அவையே உச்ச லீக்குகள். 1976இல் அடிலெய்டின் ஃபுட்பால் பார்க் மைதானத்தில் நடந்த தெற்கு ஆஸ்திரேலிய இறுதி ஆட்டத்துக்கு 66,897 பேர் வந்தார்கள். அந்த லீக்கின் வரலாற்றில் அதுவே மிகப் பெரிய கூட்டம்.

1980களில் நிலைமை புரண்டது. அன்றைய விக்டோரிய லீக்கின் கிளப்புகள் பல கடனில் மூழ்கியிருந்தன. பிற மாநிலங்களில் புதிய அணிகளைச் சேர்த்து, அவற்றிடம் உரிமக் கட்டணம் பெறுவது ஒரு வழியாகத் தெரிந்தது. 1987இல் பெர்த் நகரின் வெஸ்ட் கோஸ்ட் அணியும் பிரிஸ்பேன் அணியும் தலா 40 லட்சம் டாலர் கட்டணத்தில் உள்ளே வந்தன. 1990இல் அந்த லீக் ஏ.எஃப்.எல். என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1991இல் அடிலெய்ட், 1995இல் ஃப்ரீமேன்டில், 1997இல் போர்ட் அடிலெய்ட் என அணிகள் அடுத்தடுத்துச் சேர்ந்தன. அவை ஒவ்வொன்றும் வந்தபோது அந்தந்த ஊரின் சிறந்த ஆட்டக்காரர்கள், தொலைக்காட்சி நேரம், பெரிய ஸ்பான்சர்கள், வார இறுதிக் கூட்டம் ஆகிய நான்கும் மாநில லீக்கை விட்டு மேலே போயின. ஆனால் மைதானத்தைப் பராமரிப்பது, இளையோர் அணிகளை நடத்துவது, ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது ஆகிய கடமைகள் மேலே போகவில்லை. இன்றுவரை மாநில லீக்குகளின் பணச் சிக்கலுக்கு வேர் இதுவே.

(இன்றைய வி.எஃப்.எல்., பழைய விக்டோரிய லீக்கின் தொடர்ச்சி அன்று. 1877இல் தொடங்கிய வி.எஃப்.ஏ. என்ற வேறோர் அமைப்பு 1996இல் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. பழைய செய்திகளைப் படிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.)

பணம் போகும் வழி

செலவில் எல்லோரும் பேசுவது ஆட்டக்காரர்களின் ஊதியத்தைப் பற்றித்தான். அதைக் கட்டுக்குள் வைக்க ஒவ்வொரு மாநில லீக்கும் ஊதிய உச்சவரம்பு விதிக்கிறது. ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு பருவத்தில் இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். பணக்காரக் கிளப் ஒன்று நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் விலைக்கு வாங்கிவிட்டால், மற்றவை கடன் வாங்கியாவது போட்டியிட முனைந்து, இறுதியில் லீக்கே உடைந்துபோகும் என்ற அச்சம்தான் இதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த அச்சம் பழையது. 1930இலேயே விக்டோரிய லீக், கூல்ட்டர் சட்டம் என்ற விதியின்வழி ஓர் ஆட்டத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. கட்டுப்பாடு இல்லாத அண்டை அமைப்பு ஒன்று இருந்தால் இத்தகைய விதி என்ன ஆகும் என்பதையும் அக்காலமே காட்டியது: 1940இல் காலிங்வுட் கிளப்பின் புகழ்பெற்ற முன்வரிசை வீரர் ரான் டாட், 500 பவுண்டு முன்பணத்துக்காக வி.எஃப்.ஏ.வின் வில்லியம்ஸ்டவுன் கிளப்புக்குப் போய்விட்டார்.

இன்று அதே சிக்கல் தலைகீழாக நிற்கிறது. மாநில லீக்குக்கும் கீழே இருக்கும் புறநகர், கிராமப்புற லீக்குகளில், உள்ளூர்த் தொழிலதிபர்களின் ஆதரவு பெற்ற சில கிளப்புகள், ஏ.எஃப்.எல்.லில் ஆடி ஓய்வுபெற்ற ஒருவருக்கு ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் டாலருக்கும் மேல் கொடுக்கத் தயாராக இருக்கின்றன. மாநில லீக்கில் கடுமையான பயிற்சிக்குப் பின் கிடைப்பதைவிட, கீழே இறங்கி, குறைவான பயிற்சியோடு ஆடினால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நிலையில், இருபத்தைந்து வயதைக் கடந்து, ஏ.எஃப்.எல். கனவு மங்கிவிட்ட ஆட்டக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை எளிதில் ஊகிக்கலாம். இதைத் தடுக்கவும், சிறு கிளப்புகள் ஊதியப் போட்டியில் அழிந்துபோகாமல் காக்கவும் விக்டோரியா 2016இல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவருக்கு 1 புள்ளி, அண்மையில் ஏ.எஃப்.எல்.லில் ஆடியவருக்கு 6 புள்ளிகள், ஓர் அணியின் மொத்தப் புள்ளிகள் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அதன் அமைப்பு. பணத்தைக் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே கைமாற்றிவிடலாம். யார் களத்தில் இறங்கினார் என்பதை மறைக்க முடியாது. ஆகவே ஊதிய வரம்பைவிடப் புள்ளி முறைதான் கண்காணிப்பதற்கு எளிது.

ஊதியத்தோடு செலவு முடிவதில்லை. பயிற்சியாளர், உடலியக்க மருத்துவர், காப்பீடு, மின்விளக்குக் கட்டணம், பந்து, சீருடை என்று பட்டியல் நீளும். தெற்கு, மேற்கு ஆஸ்திரேலியக் கிளப்புகள் முதன்மை அணியோடு இரண்டாம் அணியையும் இளையோர் அணிகளையும் சேர்த்து நடத்த வேண்டும். வி.எஃப்.எல். 2021இல் சிட்னி, குயின்ஸ்லாந்து அணிகளையும் சேர்த்துக்கொண்ட பிறகு, விமானப் பயணம் என்ற புதிய செலவு லீக்கின் கணக்கில் ஏறியது. சட்டத்தின் பங்கும் இருக்கிறது. ஆஸ்திரேலியச் சட்டப்படி, விளையாடுவதற்காகப் பணம் பெறுபவர் ஓய்வூதியச் சேமிப்பு விஷயத்தில் ஊழியராகவே கருதப்படுகிறார். மாதம் 450 டாலருக்குக் குறைவாகப் பெறுபவர்களுக்கு அந்தச் சேமிப்பைச் செலுத்த வேண்டியதில்லை என்றிருந்த விலக்கு 2022 ஜூலை 1இல் நீக்கப்பட்டது. சிறு தொகை பெறும் பல ஆட்டக்காரர்களைக் கொண்ட கிளப்புகளுக்கு இது கூடுதல் சுமை. ஊதியத்தில் கிளப் இதற்காகச் செலுத்த வேண்டிய விழுக்காடும் படிப்படியாக உயர்ந்து 2025 ஜூலை முதல் 12 ஆக இருக்கிறது. தொழிலாளியின் பார்வையில் நியாயமான இந்த மாற்றம், தன்னார்வலர் ஒருவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து கணக்கெழுதும் கிளப்பை எவ்வளவு நெருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணம் வரும் வழி

சிறு வரவுகள் எல்லோருக்கும் தெரிந்தவைதாம். நுழைவுச் சீட்டு, உறுப்பினர் சந்தா, சட்டையிலும் வேலியோரப் பலகையிலும் விளம்பரம், கேன்டீனில் விற்கும் இறைச்சிப் பை, மதுக்கூடத்தில் விற்கும் பீர், இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்து நடத்தும் குலுக்கல் ஆகியவை அதில் அடங்கும். இவற்றை நடத்தித் தருவது பெரும்பாலும் ஊதியம் வாங்காத மனிதர்கள். கேன்டீனில் நிற்பவர், நுழைவாயிலில் சீட்டுக் கிழிப்பவர், சீருடை துவைப்பவர் ஆகியோருக்குச் சட்டப்படியான கூலி கொடுக்க நேர்ந்தால், இந்த லீக்குகளின் கிளப்புகளில் பல அடுத்த பருவத்தையே பார்க்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வரவு செலவு அறிக்கையில் ஒரு வரியாகக்கூட வராத அந்த உழைப்பே இவற்றின் முதல் மூலதனம்.

அரசும் இரு வழிகளில் கைகொடுக்கிறது. விளையாட்டை வளர்ப்பதற்காக நடத்தப்படும், லாபத்தை உறுப்பினர்களுக்குப் பங்கிடாத கிளப்புகளுக்கு வருமான வரி இல்லை. மைதானங்கள் பெரும்பாலும் நகராட்சி மன்றங்களுக்குச் சொந்தமானவை. கிளப்புகள் அவற்றை வாடகைக்கோ குத்தகைக்கோ பயன்படுத்துகின்றன. இது வசதியும்தான், வலுவின்மையும்தான். நிலம் சொந்தமில்லாத கிளப்பிடம் வங்கியில் அடமானம் வைக்க எதுவும் இல்லை.

இனி, பெரிய வரவுகளுள் மிகவும் சர்ச்சைக்குரியதற்கு வருவோம். மக்கள் ‘போக்கி’ என்று சொல்லும் மின்னணுச் சூதாட்ட இயந்திரங்கள் விக்டோரியாவில் 1990களின் தொடக்கத்திலும், தெற்கு ஆஸ்திரேலியாவில் 1994இலும் நுழைந்தன. தேசிய லீக்கால் கூட்டத்தை இழந்திருந்த கிளப்புகளுக்கு, தங்கள் கட்டடத்தில் சில டஜன் இயந்திரங்களை வைத்துக்கொள்ளும் உரிமை பெரும் ஆறுதலாக வந்தது. விக்டோரியாவில் சூதாட்ட மாளிகைக்கு வெளியே அனுமதிக்கப்பட்ட இயந்திரங்களின் எண்ணிக்கை 27,372. அதில் பாதி ஹோட்டல்களுக்கு, பாதி கிளப்புகளுக்கு. கிளப்புகள் ஹோட்டல்களைவிட 8.33 விழுக்காட்டுப் புள்ளி குறைவாக வரி செலுத்தலாம். அதற்கு ஈடாக, இயந்திர வருமானத்தில் அதே அளவு பங்கையாவது சமூக நன்மைக்குச் செலவிட்டதாக ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும்.

இந்த வருமானத்தின் மறுபக்கத்தைச் சொல்லாமல் கடந்துபோக என்னால் இயலவில்லை. ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010இல் வெளியிட்ட அறிக்கை, இந்த இயந்திரங்களில் மக்கள் இழக்கும் பணத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு சூதாட்டப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து வருவதாக மதிப்பிட்டது. இளையோர் அணிக்குச் சீருடை வாங்கித் தரும் பணம், அதே தெருவில் வாழும் ஒருவரின் வீட்டு வாடகைப் பணமாக இருந்திருக்கக் கூடும். ஏ.எஃப்.எல். கிளப்புகளில் பல இந்தத் தொழிலை விட்டு வெளியேறிவிட்டன. அவற்றுக்கு ஒளிபரப்புப் பணம் இருக்கிறது. மாநிலக் கிளப்புக்கு அந்தத் தெம்பு இல்லாததால், வெளியேறும் முடிவு ஊதியக் குறைப்பாகவோ அணிக் குறைப்பாகவோதான் முடியும். அதை அறிந்தே, நான் வெளியேற வேண்டும் என்ற பக்கம் நிற்கிறேன்.

மேற்கு ஆஸ்திரேலியா இந்த இடத்தில் முற்றிலும் வேறுபடுகிறது. அங்கே பெர்த் சூதாட்ட மாளிகையைத் தவிர வேறெங்கும் இத்தகைய இயந்திரங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே அம்மாநிலக் கிளப்புகள் வேறு ஊற்றைத் தேட வேண்டியிருந்தது. அந்த ஊற்றுதான் உரிமம்.

உரிமமும் நிலமும்

மேற்கு ஆஸ்திரேலியக் கால்பந்து ஆணையம் 1989இல் அமைக்கப்பட்டது. வெஸ்ட் கோஸ்ட், ஃப்ரீமேன்டில் ஆகிய இரண்டு ஏ.எஃப்.எல். கிளப்புகளுக்கும் உரிமையாளர் அதுவே. இரு கிளப்புகளும் ஆண்டுதோறும் ஆணையத்துக்கு உரிமைத்தொகை செலுத்துகின்றன. ஆணையம் அதை மாநில லீக்குக்கும் கிராமப்புற, பள்ளி ஆட்டங்களுக்கும் பகிர்கிறது. கூட்டத்தைப் பறித்துக்கொண்ட பெரிய அணியிடமிருந்தே இழப்பீட்டைப் பெறும் ஏற்பாடு இது. ஆணையத்துக்கு இன்னொரு வருமானமும் இருந்தது: சுபியாகோ மைதானம் அதன் குத்தகையில் இருந்தது. 2018இல் அரசு கட்டிய புதிய பெர்த் அரங்குக்கு ஆட்டங்கள் இடம் மாறியபோது அந்த வருமானம் நின்றுபோனது. அதற்கு ஈடாக மாநில அரசு, ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கும் மேல் பத்து ஆண்டுகளுக்குத் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் லீக்கே சொத்துகளைக் கையில் வைத்திருந்தது. 1974இல் திறக்கப்பட்ட ஃபுட்பால் பார்க் அதன் சொந்த மைதானம். அடிலெய்ட், போர்ட் அடிலெய்ட் ஆகிய இரு அணிகளின் ஏ.எஃப்.எல். உரிமங்களும் அதன் பெயரில் இருந்தன. அடிலெய்ட் அணி செழித்த ஆண்டுகளில் மாநிலக் கிளப்புகளுக்குப் பங்கு கிடைத்தது. போர்ட் அடிலெய்ட் நலிந்தபோது அதைத் தாங்கிப் பிடிக்கும் சுமையும் லீக்கின் தலையில் விழுந்தது. உரிமையாளராக இருப்பதன் இரு முகங்களும் இவை. 2014இல் ஆட்டங்கள் புதுப்பிக்கப்பட்ட அடிலெய்ட் ஓவலுக்கு மாறின. அதே ஆண்டு லீக் அந்த உரிமங்களைக் கைமாற்ற, இரு கிளப்புகளும் 2028 வரை தவணைகளாக மொத்தம் 1.8 கோடி டாலருக்குச் சற்று மேல் செலுத்த ஒப்புக்கொண்டன. ஃபுட்பால் பார்க் இடிக்கப்பட்டு, அந்த நிலம் குடியிருப்பாக மாறியது. அடிலெய்ட் ஓவலை நிர்வகிக்கும் அமைப்பில் மாநிலக் கிரிக்கெட் சங்கத்தோடு லீக்கும் பங்காளியாக இருப்பதால் அந்த வழியிலும் வரவு உண்டு. என்றாலும், சொந்தமாக ஒரு மைதானம் வைத்திருப்பதற்கும் ஒன்றில் பங்காளியாக இருப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

விக்டோரியாவின் கிளப்புகளுக்கு உரிமம், நிலம் இரண்டும் இல்லை. அவற்றின் லீக்கையே ஏ.எஃப்.எல். நடத்துகிறது, லீக்கில் பாதிக்கும் மேற்பட்ட அணிகள் ஏ.எஃப்.எல். கிளப்புகளின் இரண்டாம் அணிகளாகவோ அவற்றோடு இணைந்தவையாகவோ இருக்கின்றன. பாக்ஸ் ஹில் கிளப் ஹாத்தோர்னோடும், கேசி கிளப் மெல்பர்னோடும் இணைந்திருக்கின்றன. பெரிய கிளப்பின் சம்பளப் பட்டியலில் இருக்கும் ஆட்டக்காரர்கள் சிறிய கிளப்பின் சட்டையில் இறங்குவதால், சிறிய கிளப்புக்கு ஊதியச் செலவு குறைகிறது, பயிற்சி வசதி பெருகுகிறது. இழப்பது, தன் அணியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2014 முதல் ஃப்ரீமேன்டிலோடு இணைந்த பீல் தண்டர் கிளப் 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளும் பட்டம் வென்றபோது, சொந்தக் காசில் அணி கட்டிய பிற கிளப்புகளின் ஆதரவாளர்கள் கசந்துகொண்டதில் நியாயம் இருந்தது. வலிமை எதிர்த் திசையிலும் வெளியேறுகிறது: 2019இல், ஏ.எஃப்.எல். கிளப்புகள் பருவத்தின் நடுவே கீழ் லீக்குகளிலிருந்து ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் முறை மீண்டும் வந்தபோது, தெற்கு ஃப்ரீமேன்டில் கிளப்பின் மார்லியன் பிக்கெட்டை ஏ.எஃப்.எல். கிளப்பான ரிச்மண்ட் எடுத்துக்கொண்டது. அவர் தம் முதல் ஏ.எஃப்.எல். ஆட்டத்தையே அந்த ஆண்டின் இறுதி ஆட்டத்தில் ஆடினார். அவருக்கு அது வாழ்வின் பெரும்பேறு; அவரை வளர்த்த கிளப்புக்கோ பருவத்தின் நடுவில் ஒரு வெற்றிடம்.

பெரிய துணை இல்லாமல் தனித்து நிற்கும் கிளப்பின் நிலை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதற்கு ஃபிராங்க்ஸ்டன் சான்று. மெல்பர்னுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் இந்தப் பழைய கிளப், கடன் 10 லட்சம் டாலரைத் தாண்டிய நிலையில் 2016 ஆகஸ்டில் தன்னை வெளி நிர்வாகியிடம் ஒப்படைத்தது; அடுத்த மாதமே வி.எஃப்.எல். உரிமத்தை இழந்தது. 2017 முழுவதும் அந்த ஊருக்கு அணி இல்லை. ஆதரவாளர்கள் நிதி திரட்டி, கடன்காரர்களோடு பேசித் தீர்த்த பிறகு, 2018இல் அது லீக்குக்குத் திரும்பியது. ஏ.எஃப்.எல்.லில் ஒரு வீரரின் ஓரிரு ஆண்டுச் சம்பளத்துக்கு ஈடான தொகை, இங்கே ஒரு கிளப்பின் வாழ்வையும் முடிவையும் தீர்மானித்துவிட்டது.

இனி இந்த லீக்குகளைப் பற்றிய செய்தி கண்ணில் படும்போது, கவனிக்க வேண்டிய ஆண்டு 2028. தெற்கு ஆஸ்திரேலிய லீக்குக்கு உரிமங்களுக்காக வந்துகொண்டிருக்கும் தவணைகள் அந்த ஆண்டோடு முடிகின்றன. மேற்கு ஆஸ்திரேலிய அரசின் பத்தாண்டு ஒப்பந்தமும் ஏறத்தாழ அதே காலத்தில் முடிவுக்கு வருகிறது. அதே 2028இல் ஏ.எஃப்.எல்.லின் 19ஆவது அணியாக டாஸ்மேனியா களமிறங்க இருக்கிறது. அதற்கு முன்பே, 2024 பருவத்தோடு, அத்தீவின் மாநில லீக் நிறுத்தப்பட்டுவிட்டது.